ரிம்ஸ் குழாயில் வோர்ட்டைச் சுற்றவிட்டுச் சூடாக்குவது: பம்ப் நின்றாலும் ஆபத்து வராமல் எப்படி அமைப்பது?

கோதுமைமணி:

வணக்கம். இங்கிலாந்தில் வீட்டு கராஜில் ஒரு தடவைக்கு 23 லிட்டர் பீர் காய்ச்சும் அளவுக்கு மின்சார அமைப்பு ஒன்றைத் திட்டமிடுகிறேன். மேஷை, அதாவது சுடுநீரில் ஊறும் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியத்தை), ஒரே சூட்டில் வைக்காமல் 62, 70, 76 டிகிரி என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். அதற்காக மேஷிலிருந்து வடியும் இனிப்புச் சாறான வோர்ட்டை எலிமென்ட் உள்ள குழாய் வழியாகச் சுற்றவிட்டுச் சூடாக்கும் ரிம்ஸ் முறையை யோசித்திருக்கிறேன். இன்னும் எதையும் வாங்கவில்லை.

5.5 கிலோ மால்ட், 18 லிட்டர் தண்ணீர். 50 லிட்டர் ஸ்டெய்ன்லெஸ் பாத்திரம், அடியில் துளைத்தட்டு. காந்த இணைப்பு பம்ப் அடியிலிருந்து வோர்ட்டை இழுத்து, 2 அங்குல விட்டமும் 40 செ.மீ. நீளமும் உள்ள குழாய்க்குள் தள்ளும். குழாய்க்குள் 2.75 கிலோவாட் எலிமென்ட். சூடான வோர்ட் ஹோஸ் வழியாகப் பாத்திரத்தின் மேலே திரும்பி வந்து விழும். ஓட்டத்தைக் குறைக்கவும் கூட்டவும் குழாய்க்குப் பிறகு ஒரு பால் வால்வு.

கட்டுப்பாட்டுக்குப் பிஐடி (சூட்டைப் பார்த்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி), அது சொல்வதைக் கேட்டு எலிமென்ட்டை இயக்கி அணைக்க 40 ஆம்ப் எஸ்எஸ்ஆர் (மின்னணு சுவிட்ச்). பிடி100 வெப்ப சென்சார் மேஷின் நடுவில். எலிமென்ட்டுக்குக் கம்ப்யூட்டருக்கு வரும் கெட்டில் லீட், சுவரில் சாதாரண 13 ஆம்ப் பிளக். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லிஆம்ப் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது.

கேட்க நினைப்பது இவைதான். மேஷ் அடைத்துக்கொண்டு ஓட்டம் நின்றால் குழாய்க்குள் என்ன ஆகும், அதை எப்படித் தடுப்பது? எஸ்எஸ்ஆரை மட்டும் நம்பலாமா? இதற்கு ஹெர்ம்ஸ் (சுடுநீர்ப் பானைக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியாக வோர்ட்டைச் சூடாக்கும் முறை) மேல் என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை?

மூன்றாம்கம்பி:

வாங்குவதற்கு முன்னால் கேட்டது நல்லதாயிற்று. பட்டியலில் உள்ள பொருட்களில் குறையில்லை, அவற்றைக் கோத்திருக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் குழாயில் எலிமென்ட் அடைத்த இடம் போக ஏறக்குறைய முக்கால் லிட்டர் வோர்ட் நிற்கும். முக்கால் லிட்டருக்கு 2.75 கிலோவாட் கொடுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 0.9 டிகிரி ஏறும். ஓட்டம் நின்ற கணத்தில் 66 டிகிரி இருந்தால் 39 நொடியில் கொதிநிலை. நீங்கள் திரும்பிப் பார்த்து, ஓடி வந்து, சுவிட்சைத் தேடுவதற்குள் அது முடிந்துவிடும். ஆகவே "பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வேன்" என்பதைப் பாதுகாப்பாக எண்ண வேண்டாம்.

இப்போது அந்த பால் வால்வு. குழாய்க்குப் பிறகு இருக்கும் வால்வை மூடிவிட்டால், இந்தப் பக்கம் பம்ப், அந்தப் பக்கம் மூடிய வால்வு, நடுவில் 2.75 கிலோவாட். விசில் இல்லாத குக்கர் அது. தண்ணீர் ஆவியானால் திறந்த வெளியில் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். முதலில் சிலிகோன் ஹோஸ் முனையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கொதிக்கும் சர்க்கரைச் சாற்றை உங்கள் மேல் வீசும். ஹோஸ் பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். வால்வைப் பம்புக்கும் குழாய்க்கும் நடுவில் வையுங்கள். குழாயின் வெளிவாயிலில் இருந்து மேஷ் வரை எந்த வால்வும், கழற்றினால் தானே மூடிக்கொள்ளும் கப்ளிங்கும், பொடித் துளைகள் போட்ட தெளிப்பானும் வேண்டாம். 12 மி.மீ. ஹோஸின் திறந்த வாய் மேஷின் மேல் படுத்திருந்தால் போதும். பம்புக்கு முன்னால் உள்ள பக்கத்தில் ஓட்டத்தை நெரிக்கவும் கூடாது. இழுக்க வோர்ட் கிடைக்காமல் பம்புக்குள் குமிழ் கட்டி ஓட்டமே அறுந்துவிடும்.

ஹோஸ் மடங்கி அடைபடலாம் என்பதால் அழுத்த விடுவிப்பு வால்வும் தேவை. 1 பாரில் திறக்கும் ஸ்டெய்ன்லெஸ் வால்வு ஒன்றைக் குழாயின் சூடான முனையில், மேல்பக்கம், நேரடியாகக் குழாயிலேயே பொருத்துங்கள். இந்த அளவு பம்புகள் 3 அல்லது 4 மீட்டர் உயரத்துக்குத்தான் தள்ளும், அதாவது 0.3, 0.4 பார். ஆகவே சாதாரண ஓட்டத்தில் அது திறக்காது. அதன் வெளிக்குழாயைத் தரையில் உள்ள ஒரு வாளியை நோக்கிக் கீழே இறக்குங்கள். முகத்துக்கு நேராக விடாதீர்கள்.

அடுத்தது சென்சார் இருக்கும் இடம். மேஷின் நடுவில் வைத்தால், ஓட்டம் நின்றதும் குழாய் கொதிக்கும், மேஷோ மெல்ல ஆறும். பிஐடி ஆறுவதை மட்டும் பார்த்து "இன்னும் சூடு வேண்டும்" என்று முழு மின்சாரத்தையும் திறந்துவிடும். ஆபத்து நேரத்தில் கட்டுப்படுத்தியே எதிரியாக மாறும் இடம் இது. கட்டுப்பாட்டுக்கான பிடி100 குழாயின் வெளிவாயிலில், எலிமென்ட் முனைக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, ஓட்டத்துக்குள்ளேயே நனைந்து நிற்க வேண்டும். மேஷின் நடுவில் இன்னொரு தெர்மாமீட்டர் வையுங்கள், அது நீங்கள் பார்ப்பதற்கு மட்டும்.

எஸ்எஸ்ஆரை மட்டும் நம்ப முடியாது. பழுதானால் அது பெரும்பாலும் ஷார்ட் ஆகி, மின்சாரத்தை விட்டுக்கொண்டே நின்றுவிடும். பிஐடி அணைத்துவிட்டதாக விளக்கு காட்டும், எலிமென்ட் எரிந்துகொண்டிருக்கும். நன்றாக இருக்கும்போதே அணைந்த நிலையில் சில மில்லிஆம்ப் கசியும். அதனால் அதை மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டராகக் கருதாதீர்கள். எஸ்எஸ்ஆருக்கு முன்னால், லைவையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டைத் துருவக் கான்டாக்டர் (காயிலுக்கு மின்சாரம் வரும்வரை மட்டும் இணைத்து வைக்கும் பெரிய ரிலே) வேண்டும். பிஐடிக்கும் அந்தக் கான்டாக்டருக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது.

கெட்டில் லீடைப் பற்றி ஒரு வரி. அந்த ஐஇசி இணைப்பு 10 ஆம்புக்கானது. 2.75 கிலோவாட் 12 ஆம்ப் இழுக்கும். ஒரு மணி நேரம் ஓடினால் பின்கள் பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகி, கடைசியில் எலிமென்ட் பக்கமே தீ பிடிக்கக்கூடும். இந்த மாதிரி உருகிய இணைப்புகள் வீட்டு பீர்க்காரர்களிடம் சர்வ சாதாரணம். 10 ஆம்பைத் தாண்டினால் 16 ஆம்ப் ஐஇசி வகைக்குப் போங்கள், இல்லையென்றால் எலிமென்ட்டில் நேரடியாக வயரை முடுக்கி, சீல் செய்த பெட்டி போடுங்கள்.

வடிசாறு:

மேலே சொன்னதில் ஒன்றையும் மாற்றத் தேவையில்லை. எனக்குப் படுவது, இங்கே 2.75 கிலோவாட்டே அதிகம்.

எவ்வளவு தேவை என்று பாருங்கள். 18 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 75 கிலோஜூல். மால்ட்டின் வெப்பக் கொள்ளளவு தண்ணீரில் பத்தில் நாலு பங்குதான், ஆகவே 5.5 கிலோவுக்கு 9 கிலோஜூல். பாத்திரத்துக்கு ஒரு 3. மொத்தம் 88 வரும். நிமிடத்துக்கு 1 டிகிரி வேண்டுமென்றால் 1.5 கிலோவாட் போதும். 62 இலிருந்து 70 க்கு எட்டு, ஒன்பது நிமிடம். பாத்திரத்தைச் சுற்றிப் போர்த்திவிட்டால் இதிலேயே சமாளிக்கலாம். அதைவிட வேகமாக ஏற்றுவதால் பீருக்கு ஒரு நன்மையும் இல்லை.

பிஐடியில் வெளியீட்டை 55 சதவீதமாகக் கட்டிவிட்டு 2.75 ஐயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எஸ்எஸ்ஆர் உயிரோடு இருக்கும்வரைதான் அந்தக் கட்டு. அது ஷார்ட் ஆன நாளில் முழு 2.75 கிலோவாட்டும் வரும். 1.5 கிலோவாட் எலிமென்ட் எந்தப் பழுதிலும் 1.5 ஐத் தாண்டாது; நின்றுபோன குழாய் கொதிக்க 39 நொடிக்குப் பதில் 71 நொடி ஆகும். மற்ற பாதுகாப்புகள் வேலை செய்ய அந்த இடைவெளி பெரிய உதவி.

கருகல் விஷயமும் இருக்கிறது. வோர்ட்டில் மாவும் புரதமும் மிதக்கும். எலிமென்ட்டின் மேற்பரப்பில் ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை வாட் என்பதுதான் கருகலைத் தீர்மானிக்கும். 8 வாட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 8 மி.மீ. கம்பியில் சூடாகும் நீளம் 75 செ.மீ. இருந்தால் மேற்பரப்பு 188 சதுர செ.மீ., அதாவது 1.5 கிலோவாட்டுக்குச் சரியாக 8 வாட். நடுவில் மடித்தால் 37 செ.மீ.; உங்கள் 40 செ.மீ. குழாய்க்குள் அடங்கும். அதே கம்பியில் 2.75 ஓட்டினால் 14.6 வாட் ஆகிவிடும். தண்ணீர் கெட்டிலில் அது பரவாயில்லை. வோர்ட்டில், அதுவும் கோதுமை பீரில், பழுப்புத் தோல் படிந்து, அந்தத் தோலே வெப்பத்தைத் தடுத்து, அதன் மேல் இன்னும் கருகும். பீரில் சாம்பல் வாசனை வந்தால் எலிமென்ட்டைக் கழற்றிப் பாருங்கள், அங்கேதான் இருக்கும்.

ஓட்டத்துக்கு வருகிறேன். பம்பின் பெட்டியில் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் போட்டிருப்பார்கள். தானியப் படுகை வழியாக உங்களுக்கு 3 முதல் 5 லிட்டர் கிடைக்கும். அதற்கு மேல் இழுக்கவும் கூடாது. 4 லிட்டர் ஓட்டத்தில் 1.5 கிலோவாட் வோர்ட்டை 5.4 டிகிரி ஏற்றும், 1.5 லிட்டருக்கு விழுந்தால் 14 டிகிரி. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்சைம்கள் வோர்ட்டில்தான் கரைந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றான பீட்டா அமிலேஸ் 70 ஐத் தொட்டால் வேகமாகச் செத்துவிடும். ஆகவே 62 டிகிரிப் படியில் இருக்கும்போது வெளிவாயில் 64 ஐத் தாண்ட விடாதீர்கள். சென்சாரை வெளிவாயிலில் வைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஓட்டம் நிற்பதற்கு முதல் காரணம் அரைவை. உருளை இடைவெளி 1.1, 1.2 மி.மீ. வையுங்கள். கிரெடிட் கார்டு தடிமன், அதாவது 0.76, சுற்றவிடும் மேஷுக்கு ரொம்பப் பொடி. கோதுமை அல்லது ஓட்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் தானிய எடையில் 5 முதல் 10 சதவீதம் நெல் உமி கழுவிச் சேருங்கள். தண்ணீரும் மால்ட்டும் கலந்ததும் உடனே பம்பைப் போடாமல் 10 நிமிடம் படுகை அமர விடுங்கள். பிறகு 1.5, 2 லிட்டரில் தொடங்கி மெல்லத் திறவுங்கள்.

மேஷ் இறுகுவதை முன்கூட்டியே காட்டும் எளிய வழி ஒன்று இருக்கிறது. துளைத்தட்டுக்குக் கீழே ஒரு சிறு இணைப்புப் போட்டு, அதிலிருந்து ஒளி ஊடுருவும் சிலிகோன் டியூபைப் பாத்திரத்தின் வெளிப்புறம் நிமிர்த்திக் கட்டுங்கள். ஓட்டம் இல்லாதபோது டியூபின் மட்டமும் மேஷின் மட்டமும் ஒன்றாக இருக்கும். பம்ப் இழுக்க இழுக்க டியூபில் மட்டம் இறங்கும். 3, 4 செ.மீ. வித்தியாசம் சகஜம். 10 செ.மீ. இறங்கினால் படுகை அமுங்கிக்கொண்டிருக்கிறது, வால்வைக் குறையுங்கள். டியூபே காலியாகிவிட்டால் பம்பை நிறுத்தி, அடியிலிருந்து ஒன்றிரண்டு லிட்டர் சுடுநீரைத் தள்ளிப் படுகையைத் தூக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு முழ டியூப்தான்.

குழாயைப் படுக்கையாக வையுங்கள், வெளிவாயில் முனை சற்றே உயரமாக, வாய் மேல்நோக்கி. காற்றுக் குமிழ்கள் அந்த வழியே போய்விடும். வாய் கீழ்நோக்கி இருந்தால் மேலே காற்று தங்கி, எலிமென்ட்டின் ஒரு பகுதி காய்ந்து எரியும். செங்குத்தாக வைப்பவர்கள் உண்டு. ஆனால் அடியில் மின்முனை இருந்தால் ஒரு கேஸ்கெட் கசிந்தாலும் வோர்ட் நேரே அதன் மேல் சொட்டும்.

பனங்கிழங்கு:

ஹெர்ம்ஸ் பற்றிக் கேட்டிருந்தீங்கள். பம்ப் நிண்டால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாத்தால் பதில் விளங்கும்.

ஹெர்ம்ஸிலை எலிமென்ட் வோர்ட்டைத் தொடாது. மூடி இறுக்காத 30 லிட்டர் சுடுநீர்ப் பானைக்குள்ளை எலிமென்ட் இருக்கும். அதே தண்ணிக்குள்ளை ஸ்டெய்ன்லெஸ் சுருள் குழாய், 12.7 மி.மீ. வெளிவிட்டம், 10 மீட்டர் நீளம். வோர்ட் அந்தச் சுருளுக்குள்ளாலை ஓடும். பம்ப் நிண்டு போனால் சுருளுக்குள்ளை இருக்கிற ஒரு லிட்டரும் தண்ணியின்ரை சூட்டுக்கு வரும், அவ்வளவுதான். தண்ணி 70 எண்டால் வோர்ட்டும் 70. எஸ்எஸ்ஆர் ஷார்ட் ஆனாலும் 30 லிட்டர் கொதிக்க நேரமெடுக்கும், திறந்த பானை எண்டபடியால் அழுத்தம் ஏறாது. கருகலும் இல்லை, தண்ணிதானே. அதாலை எலிமென்ட்டுக்குச் சதுர செ.மீ. கணக்கும் பாக்கத் தேவையில்லை.

விலை எங்கை எண்டால், வேகத்திலை. மேஷோடை 30 லிட்டர் தண்ணியையும் சேர்த்து ஏத்த வேணும். அது 126 கிலோஜூல் கூட. 2.4 கிலோவாட் குடுத்தாலும் நிமிசத்துக்கு 0.67 டிகிரிதான், 10 டிகிரிக்குக் கால் மணித்தியாலம். பானைத் தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருக்க வேணும். இல்லாட்டில் மேலை சூடு, கீழை குளிர், சென்சார் சொல்லுறது பொய்யாப் போகும். 10 மீட்டருக்கு மேலை சுருள் போட்டால் சின்ன பம்ப் திணறும்.

இதிலையும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கு. ஸ்பார்ஜுக்கு (தானியத்தைக் கழுவி மிச்ச இனிப்பை எடுக்கிறதுக்கு) தண்ணியை எடுத்துக்கொண்டு போக, எலிமென்ட் வெளியிலை தெரிய வந்தால் காய்ஞ்சு எரியும். எலிமென்ட்டுக்கு 5 செ.மீ. மேலை ஒரு மிதவை சுவிட்ச் போட்டு அதைக் கான்டாக்டரோடை கோர்த்து விடுங்கோ.

முதல்தரம் மின்சாரத்துக்கு மாறுற ஆக்களுக்கு நான் சொல்லுறது ஹெர்ம்ஸ்தான். ரிம்ஸ் வேணும் எண்டால் மேலை சொன்ன எல்லாம் கட்டாயம். ஒண்டு ரெண்டை விட்டுச் செய்யிறதெண்டால் செய்யாதேங்கோ.

கோதுமைமணி:

மூவருக்கும் மிக்க நன்றி. கராஜில் இடம் குறைவு, மூன்றாவது பானைக்கு வழியில்லை. ஆகவே ரிம்ஸ், 1.5 கிலோவாட், வால்வு குழாய்க்கு முன்னால், 1 பார் விடுவிப்பு வால்வு, சென்சார் வெளிவாயிலில் என்று திட்டத்தை மாற்றிவிட்டேன். கொதி பாத்திரத்துக்கு 2.4 கிலோவாட் எலிமென்ட் தனியாக.

கான்டாக்டரை எது இயக்க வேண்டும், எந்த வரிசையில்? ஓட்ட சுவிட்சில் உமி மாட்டிக்கொண்டால்? பம்ப் ஓடுகிறது என்பதை வைத்து மட்டும் எலிமென்ட்டை அனுமதித்தால் போதாதா? இன்னொன்று: புது எலிமென்ட்கள் முதல் நாளே ஆர்சிடியைத் தட்டிவிடும் என்கிறார்கள், ஏன்?

மூன்றாம்கம்பி:

பம்ப் ஓடுவது வேறு, வோர்ட் ஓடுவது வேறு. காந்த இணைப்பு பம்பில் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே வோர்ட்டைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் நின்றிருக்கும். மேஷ் அடைத்தாலும் மோட்டாருக்குத் தெரியாது. ஆகவே ஓட்டத்தையே பார்க்கும் சுவிட்ச் வேண்டும்.

கட்டுப்பாட்டு வயரிங் முழுவதும் 24 வோல்ட் டிசியில் போகட்டும். ஈரக் கையோடு தொடும் இடங்களில் 230 வோல்ட் தேவையே இல்லை. 24 வோல்ட் பிளஸ்ஸிலிருந்து புறப்பட்டு ஒரே சங்கிலியாக: காளான் தலை அவசர நிறுத்தம், குழாய்ச் சுவரில் 90 டிகிரி தெர்மோஸ்டாட், ஓட்ட சுவிட்ச், ஸ்டார்ட் பட்டன், கான்டாக்டர் காயில். இதில் எது ஒன்று அறுந்தாலும், வயர் கழன்றாலும்கூட, கான்டாக்டர் விழுந்துவிடும். ஸ்டார்ட் பட்டனுக்குக் குறுக்கே கான்டாக்டரின் துணைத் தொடர்பு ஒன்றைப் போடுங்கள். பட்டனை விட்டாலும் அது பிடித்து வைத்திருக்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக எரியக்கூடாது, நீங்கள் வந்து பட்டனை அழுத்த வேண்டும். சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்சில் அந்தக் காவல் கிடைக்காது. காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு.

தெர்மோஸ்டாட் பைமெட்டல் வகை, கையால் அழுத்தி ரீசெட் செய்ய வேண்டியது. தானாக ரீசெட் ஆகும் வகை ஆறியதும் மறுபடி சூடாக்கும், மறுபடி அறுக்கும், பழுதை உங்களிடம் காட்டாது. அதைக் குழாயின் மேற்பக்கச் சுவரில், எலிமென்ட்டின் சூடான பகுதிக்கு நேர் மேலே, வெப்பப் பசை தடவி இறுக்கிக் கட்டுங்கள். மேஷ் 76 ஐத் தாண்டாது என்பதால் 90 இல் தேவையில்லாமல் விழாது. உலோகச் சுவர் சூடேற சில நொடி பிந்தும். அதனால்தான் ஓட்ட சுவிட்ச் முதல் காவல், இது இரண்டாவது, விடுவிப்பு வால்வு கடைசி.

ஓட்ட சுவிட்ச் 1.5 லிட்டருக்குக் கீழே திறக்கும் வகையாக, 100 டிகிரி தாங்கும் ஸ்டெய்ன்லெஸ் உடலோடு இருக்கட்டும். மலிவான பிளாஸ்டிக் டர்பைன் வகைகள் பல 80 டிகிரிக்குத்தான். உமி மாட்டினால் இரண்டு விதமாக நடக்கும். திறந்த நிலையில் மாட்டினால் எலிமென்ட் எரியாது, எரிச்சல் மட்டும்தான். "ஓட்டம் இருக்கிறது" என்ற நிலையில் மாட்டினால்தான் ஆபத்து. அதற்காகச் சுவிட்சுக்கு ஒரு விளக்கு போடுங்கள். பம்பைப் போடும் முன் அந்த விளக்கு அணைந்திருக்க வேண்டும். எரிந்தால் சுவிட்ச் சிக்கியிருக்கிறது, கழற்றிக் கழுவாமல் தொடங்காதீர்கள்.

பவர் பக்கம்: 13 ஆம்ப் பிளக், இரட்டைத் துருவ ஐசொலேட்டர், கான்டாக்டர், பிறகு லைவில் மட்டும் எஸ்எஸ்ஆர், பிறகு எலிமென்ட். மேஷ் எலிமென்ட்டும் கொதி எலிமென்ட்டும் ஒரே நேரத்தில் எரியாதபடி ஒரு தேர்வு சுவிட்ச். 1.5 என்றால் 6.5 ஆம்ப், 2.4 என்றால் 10.4 ஆம்ப். இரண்டையும் சேர்த்து இழுத்தால் 13 ஆம்ப் ஃபியூஸ் தாங்காது. 10.4 ஆம்பை ஒரு மணி நேரம் இழுத்தாலே பிளக் வெதுவெதுப்பாகும். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் பிடி தளர்ந்துவிட்டது. சுருட்டிய எக்ஸ்டென்ஷன் ரீலில் ஓட்டவே கூடாது. பிற்பாடு பெரிய எலிமென்ட் வேண்டுமென்றால் நீல 16 ஆம்ப் சாக்கெட்டுக்குத் தனி சர்க்யூட். அதைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எஸ்எஸ்ஆர் ஓடும்போது ஆம்புக்கு ஒரு வாட்டுக்கு மேல் சூடு கக்கும், ஆகவே ஹீட்சிங்கை மூடிய பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு பொருத்துங்கள்.

எர்த் பற்றி அழுத்திச் சொல்கிறேன். குழாய், மேஷ் பாத்திரம், கொதி பாத்திரம், உலோகமாக இருந்தால் பம்ப் உடல், எல்லாவற்றிலும் பச்சை-மஞ்சள் வயர் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். "ஆர்சிடி இருக்கிறதே" என்று எர்த்தை விட்டால், எலிமென்ட் உறை வெடித்த அன்று பாத்திரத்தில் மின்சாரம் காத்துக்கொண்டு நிற்கும். அதைத் தட்டிவிடும் கசிவு உங்கள் உடம்பு வழியாகப் போவதாகத்தான் இருக்கும். எர்த் இருந்தால் உறை வெடித்த கணத்திலேயே ஆர்சிடி விழுந்துவிடும்.

புது எலிமென்ட் ஆர்சிடியைத் தட்டுவது ஈரத்தால். உறைக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடுத் தூள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அந்த வழியே மின்சாரம் கசியும். வெளியே எடுத்து, மின்முனைகள் திறந்திருக்க, வெதுவெதுப்பான அவனில் சில மணி நேரம் உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். கேஸ்கெட்டும் பிளாஸ்டிக் பாகங்களும் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். பிறகு 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரில் ஒரு மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் எலிமென்ட்டைத் திருப்பிக் கொடுங்கள். ஆர்சிடியைத் தாண்டி வயர் போட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வடிசாறு:

முதல் மால்ட்டைக் கொட்டும் முன் 20 லிட்டர் வெறும் தண்ணீரில் எல்லாக் காவல்களையும் வேண்டுமென்றே தட்டிப் பாருங்கள்.

கரண்ட் இல்லாதபோது பிளக்கின் எர்த் பின்னிலிருந்து ஒவ்வொரு உலோகத்துக்கும் மின்தடை 0.1 ஓமுக்குள் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மலிவான மல்டிமீட்டரின் சொந்த லீடே 0.2, 0.3 காட்டும், முதலில் அதை அளந்து கழித்துக்கொள்ளுங்கள். பிறகு பம்பைப் போட்டு, ஹோஸைக் குடுவையில் பிடித்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று எழுதி வையுங்கள். எலிமென்ட்டைப் போட்டு, குழாய்க்கு முன்னால் உள்ள வால்வை மெல்ல மூடுங்கள். கான்டாக்டர் ஒன்றிரண்டு நொடிக்குள் "டக்" என்று விழ வேண்டும். வால்வைத் திறந்தாலும் தானாக ஏறக்கூடாது. அடுத்து பிடி100 இன் ஒரு வயரைக் கழற்றுங்கள். பிஐடி பிழை காட்டி அணைக்க வேண்டும். சுவரில் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகுங்கள், எதுவும் எரியக்கூடாது.

எஸ்எஸ்ஆர் ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்ற பரீட்சையையும் விட்டுவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்எஸ்ஆரின் வெளியீட்டு முனைகள் இரண்டையும் ஒரு வயரால் இணைத்து, பெட்டியை மூடி, ஓட்டத்தை 2 லிட்டரில் வைத்து ஓட்டுங்கள். பிஐடி அணைத்த பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். குழாய்ச் சுவர் 90 ஐத் தொடும்போது தெர்மோஸ்டாட் அறுக்க வேண்டும், வெளிவாயிலில் வரும் தண்ணீர் கொதித்திருக்கக் கூடாது. பக்கத்தில் இன்னொருவரை நிறுத்திக்கொள்ளுங்கள், விடுவிப்பு வால்வின் வழியில் யாரும் நிற்க வேண்டாம். முடிந்ததும் அந்த வயரைக் கழற்றிவிட்டீர்களா என்று இருமுறை பாருங்கள்.

காய்ச்சும் நாளில் வரிசை: பம்ப், ஓட்ட விளக்கு, பிறகுதான் எலிமென்ட். நிறுத்தும்போது முதலில் எலிமென்ட், ஒரு நிமிடம் கழித்துப் பம்ப். எலிமென்ட்டில் மிச்சமிருக்கும் சூடு நின்ற வோர்ட்டைக் கருக்கப் போதுமானது. 76 டிகிரி வோர்ட் தோலில் பட்டால் ஒரு நொடிக்குள் பொசுக்கிவிடும். செருகும் முனைகளை விட்டு, பூட்டிக்கொள்ளும் ஸ்டெய்ன்லெஸ் கப்ளிங் போட்டால் ஹோஸ் பிடுங்கிக்கொள்ளாது.

பனங்கிழங்கு:

கழுவுறதையும் சேர்த்துச் சொல்லி விடுறன். முடிஞ்ச உடனை, காய விடாமல், சோடியம் பெர்கார்பனேட் லிட்டருக்கு 5 கிராம் போட்டு 60 டிகிரியிலை அரை மணித்தியாலம் சுத்த விடுங்கோ. பிறகு வெறும் தண்ணி. எலிமென்ட்டிலை வெள்ளைப் படிவு தெரிஞ்சால் சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு 10 கிராம். பிளீச் போடவேண்டாம், குளோரின் ஸ்டெய்ன்லெஸ்ஸிலை பொட்டுப் பொட்டாக் குழி விழுத்தும். பெர்கார்பனேட்டையும் சிட்ரிக் அமிலத்தையும் ஒண்டாக் கலக்காதேங்கோ, ஒண்டு முடிஞ்சு அலசின பிறகுதான் மற்றது.

அந்தக் கழுவுற தண்ணி ஓடேக்கை, எலிமென்ட்டை நிப்பாட்டிப் போட்டு, கையுறையோடை விடுவிப்பு வால்வின்ரை நெம்பை ஒருக்காத் தூக்கி விடுங்கோ. தண்ணி பாய்ஞ்சு வாளிக்குள்ளை விழவேணும். சொட்டுச் சொட்டா வந்தால் உள்ளை உமியும் காய்ஞ்ச வோர்ட்டும் ஒட்டிக்கிடக்கு, கழட்டி ஊற வைக்க வேணும். நெம்பை விட்ட பிறகும் ஒழுகிக்கொண்டே இருந்தால் இருக்கையிலை உமித்துண்டு மாட்டியிருக்கு, இன்னொருக்காத் தூக்கி விட்டால் போயிடும்.